ரெங்கநாயகி டீச்சர் என்னை ஏசியதில்லை

காலைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது அலவத்துகொடயிலிருந்து பரீனா அழைத்தாள். எங்கள் பாடசாலையின் பழைய மாணவி. இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறாள். "மிஸ், ரெங்கா டீச்சர் மௌத்தாகிட்டாங்க" என்றாள். பிறகு அழுதாள். அழுகைக்கு நடுவில், "'எடுபட்ட கழுத'ண்டு என்னைய இனி யாரு மிஸ் கூப்பிடப் போறா?" என்று கேட்டாள்.

நான் ஆறுதல் சொன்னேன். இப்படிப்பட்ட நேரத்தில் சொல்ல வேண்டியவற்றை நான் பிழையில்லாமல் சொல்வேன். கைபேசியை வைத்த பிறகு துக்கம் வந்தது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, அந்தக் கழுதைப் பட்டம் பரீனாவுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்கவில்லையே என்ற எண்ணம்.

பகலுக்குள் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழு நிரம்பிவிட்டது. அஞ்சலி எழுதியவர்கள் எல்லோரும் தங்களுக்குக் கிடைத்த ஏச்சையே எழுதியிருந்தார்கள். ஒருத்தியை 'வெளங்காதவளே' என்றுதான் அழைப்பாராம். இன்னொருத்தி திருமணமாகி வெளிநாடு போகிற அன்று, 'போய்த் தொல, எழவெடுத்தவளே' என்று கட்டிப்பிடித்து அனுப்பினாராம். ஒருத்தி தன் ஏச்சை எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தாள். அதைத் திருத்தக் கை போயிற்று. எனக்கென்று எழுத அங்கே எதுவும் இருக்கவில்லை. அத்தனை வருடம் நானும் அவரும் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். ரெங்கநாயகி டீச்சர் என்னை ஒருமுறையும் ஏசியதில்லை.

அவர் எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த வாரம் எனக்கு நினைவிருக்கிறது. நான் ஆங்கிலம் படிப்பித்தேன். அவர் கணிதத்துக்கு வந்திருந்தார். ஆசிரியர் அறையில் இருந்த அலுமாரியின் கதவு சரியாக மூடாது. அதன் விளிம்பு அவர் நெற்றியில் இடித்தது. உடனே அவர் அந்த அலுமாரியின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அறை அடங்கிவிட்டது.

"டீச்சர், இது பிள்ளையள் வந்து போற இடம்" என்றேன்.

நெற்றியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க மிஸ். அலுமாரிக்கு அம்மா இல்லங்கிற தைரியத்துல சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து என் முன்னால் அவர் நாவை அடக்கிக்கொண்டார். மற்ற ஆசிரியைகள் அவருக்கு 'அடியே'. நான் மட்டும் 'மிஸ்', 'நீங்க', 'வாங்க'. நான் உள்ளே நுழைந்தால், பேச்சு பாதியில் நின்று, நேர அட்டவணையைப் பற்றியதாக மாறும். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மரியாதைதான் அது. மரியாதை ஒருவரை எவ்வளவு தூரத்தில் நிறுத்தி வைக்கும் என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

நான் கன்னியர் மடத்தில் படித்தவள். 'சனியன்' என்று சொன்னதற்காக ஒரு பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், சவர்க்காரம் போட்டு வாய் கழுவ வைத்தார் எங்கள் சிஸ்டர். இன்றைக்கு அதைக் கொடுமை என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கழுவப்பட்ட வாய் என்னுடையது. அதன் பிறகு அந்த வாயில் கெட்ட வார்த்தை வந்ததில்லை. கெட்ட வார்த்தை கெட்ட பழக்கம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் பெரிதாக இல்லை.

ரெங்கநாயகி டீச்சருக்கு இதில் வேறு கணக்கு இருந்தது. ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது நானே கேட்டேன், படித்தவருக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று. "ஏச்சு வேற, அசிங்கமாப் பேசுற தூசணம் வேற மிஸ்" என்றார். "ஏச்சு வயித்துல இருந்து வரும். தூசணம் பல்லுல இருந்து வரும்."

"நீங்கள் ரெண்டும் சொல்லுறியள்" என்றேன்.

"எனக்கு வயிறும் இருக்கு, பல்லும் இருக்குல்ல" என்றார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடசாலை கூட்டும் பெண்ணையோ வாசற் காவலாளியையோ அவர் ஏசி நான் கேட்டதில்லை. திருப்பி ஏச முடியாதவரிடம் வாய் திறப்பது அசிங்கம் என்பார்.

பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்த நாள், டீச்சரை அறிந்த உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய மகள் எங்கள் மாணவி. வெள்ளைச் சட்டை, கூப்பிய கை. நான் கதிரை கொடுத்தேன். "டீச்சர்மார் குறை நினைக்க வேணாம். நம்ம மகள அந்தத் தோட்டத்துப் பிள்ளைகிட்ட இருந்து கொஞ்சம் மாத்தி உக்கார வையுங்க. அதுகளும் பாவம்தான், இல்லேங்கல. ஆனா பழக்கவழக்கம்னு ஒண்ணு இருக்கே" என்றார். குரல் உயரவில்லை. ஒரு சொல்லும் தவறவில்லை. அந்தத் தோட்டத்துப் பிள்ளை, கணிதக் கொப்பிகளைச் சுமந்துகொண்டு வாசலில் நின்றாள். "அதிபரோட கதைச்சுப் பாருங்கோ" என்றேன் நான். அப்படித்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள்.

ரெங்கநாயகி டீச்சர் எழுந்தார். அவரும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். "பழக்கவழக்கமா? ஒன் பழக்கவழக்கத்துல தீய வைக்க!" என்று தொடங்கினார். பிறகு சொன்னவற்றை அச்சில் போடமுடியாது. அந்த மனிதரின் வாயை, வெள்ளைச் சட்டையை, வம்சத்தை ஒழுங்குமுறையாக ஏசினார். கணித ஆசிரியர் அல்லவா, ஒரு படியும் விடவில்லை. அந்த மனிதர், "இதுதானா இங்க படிப்பிக்கிற லட்சணம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"பிள்ளைக்கு முன்னால அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது டீச்சர்" என்றேன்.

"சரிதான் மிஸ்." அவருக்கு மூச்சு இன்னும் வாங்கியது. "ஆனா அந்தாளு சொன்னதும் அவ காதுல விழுந்துச்சே. அதுல ஒங்களுக்கு ஒரு கெட்ட வார்த்தகூடக் கேக்கலையா?"

அந்தக் கேள்வியோடு நான் பல நாள் இருந்தேன். அந்தப் பிள்ளை இரண்டையுமே கேட்டிருக்க வேண்டியதில்லை என்பதுதான் இன்றும் என் பதில். ஆனால் அன்று பாடசாலை விட்டதும் அவள் குடை பிடித்து பஸ் தரிப்பிடம் வரை கூட்டிப்போனது ரெங்கநாயகி டீச்சரை. அவளுக்குத் தனியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது நான். எனக்கு அவள் பிடித்த குடை எதுவும் நினைவில்லை.

இவை சிறிய பொறாமைகள். பெரியது வீட்டுக்குள் இருந்தது.

என் கணவர் வங்கியில் இருந்தவர். மணமான நாளிலிருந்து அவர் வீட்டுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பக்கவாதம் வந்து பேச்சு போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: கோதாரி. யாழ்ப்பாணத்தார் எரிச்சலில் சொல்வது. பழைய நாளில் கொள்ளைநோய்க்கு வழங்கிய பெயர் என்பார்கள். இந்த நோயில் படித்த சொற்கள் எல்லாம் போய் ஏச்சு மட்டும் தங்கிவிடுவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கோதாரி, வலித்தாலும் கோதாரி. ஆசீர்வதிக்க வந்த சுவாமியாரைக் கண்டும் கோதாரி என்றார். அன்றிலிருந்து யார் வந்தாலும், "அவர் நித்திரை கொள்ளுறார்" என்று வாசலிலேயே அனுப்பினேன்.

ரெங்கநாயகி டீச்சர் அனுப்பக்கூடியவர் அல்ல. அம்பிட்டிய மேட்டில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கெலிஓயாவிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்து, நேரே கட்டிலடிக்குப் போய், "எப்படியிருக்கீங்க சார்?" என்றார்.

"கோதாரி" என்றார் இவர்.

எனக்கு உடம்பு கூசியது. "அவருக்கு இப்ப கதை வாறேல்ல டீச்சர். தெரியாமல் சொல்லுறார், குறை நினையாதேங்கோ."

"என்னத்தத் தெரியாம? நல்லாத்தானே சொல்றாரு." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க சொல்றது சரி சார். எழவெடுத்த மழ. பஸ்ஸுல ஒரு நாசமாப் போனவன் என் கால மிதிச்சுட்டான்."

"கோதாரி!"

"ஆமா, அவனேதான். எறங்கும்போது 'சொறி'ங்கிறான். சொறி பிடிச்ச மூஞ்சி."

"கோதாரி, கோதாரி."

"அதத்தான் சார் நானும் சொன்னேன். அதுக்கு மேலயும் ரெண்டு சொன்னேன். மிஸ் தேத்தண்ணி போடப் போகட்டும், சொல்றேன்."

நான் குசினிக்குப் போனேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தையும் மீறி என் கணவருடைய சிரிப்பு கேட்டது. நோய் வந்தபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. ஒரு பக்க வாயால் சிரித்த சிரிப்பு அது. தேநீரோடு நான் திரும்பியதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள், வகுப்பில் அகப்பட்ட பிள்ளைகளைப் போல.

அதன் பிறகு அவர் சனிக்கிழமைகளில் வந்தார். சனிக்கிழமை வந்தால் என் கணவர் தலை வாரிவிடச் சொல்லிச் சைகை காட்டுவார். நான்தான் வாரிவிட்டேன்.

ஒருநாள் விடைபெறும்போது வாசல் படலையடியில் நின்று டீச்சர் சொன்னார்: "நீங்களும் ஒண்ணு ரெண்டு சொல்லுங்க மிஸ். பாவம், அவரு தனியாவே ஏசிக்கிட்டுக் கெடக்குறாரு."

இன்னொரு பெண் என் வீட்டுப் படலையில் நின்று, என் புருஷனோடு எப்படிக் கதைப்பது என்று எனக்குச் சொன்னதை நான் எளிதில் பொறுக்கவில்லை. ஆனாலும் முயன்றேன். மழை விட்ட ஒரு பின்னேரம் கட்டிலருகே உட்கார்ந்து, "கோதாரி" என்றேன். சொல்வதெழுதுதலுக்கு வாசிப்பது போல, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக வந்தது. அவர் பயந்துபோனார். எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து, இயங்கும் கையை நீட்டி, காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அதன் பிறகு நான் முயலவில்லை. அவருடைய கடைசி மாதங்களின் பேச்சு முழுவதும் ரெங்கநாயகி டீச்சருக்குப் போயிற்று. நன்றி சொல்ல வேண்டிய காரியம். முறைப்படி சொன்னேன். "அதெல்லாம் என்ன மிஸ்" என்று முறைப்படி பதில் சொன்னார்.

டீச்சரின் செத்தவீட்டுக்குக் கெலிஓயாவுக்குப் போனேன். முன்வரிசையில், துணி விரித்த கதிரை ஒன்றை எனக்கு ஒதுக்கினார்கள். என் பழைய மாணவிகள் எல்லோரும் அவரைச் சுற்றித் தரையில், ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து, அவருடைய ஏச்சுகளைச் சொல்லி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள்.

அவருடைய மகள் சுகந்தி எனக்குத் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் குந்தினாள். "அம்மா ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல மிஸ்" என்றாள்.

"மரியாதையாத்தான் பேசியிருப்பா" என்றேன். குரலில் கசப்பு இருந்திருக்க வேண்டும்.

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். வீங்கிய கண்களோடு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மரியாதையாவா? வீட்டுல அம்மா ஒங்கள..." என்று நிறுத்திவிட்டாள். "வேணாம் மிஸ்."

"சொல்லு பிள்ளை."

"திட்டக்கூடாது மிஸ்."

"சொல்லு எண்டு சொன்னனான்."

"'கஞ்சி போட்ட மூதேவி'ன்னுதான் சொல்லுவாங்க. 'இன்னைக்கு அந்தக் கஞ்சி போட்ட மூதேவிக்குச் சிரிப்பு வந்துருச்சுடி, முழுங்கிருச்சு'ன்னு வந்து சொல்லிச் சிரிப்பாங்க. சார் போன பொறவு, 'அந்தக் கஞ்சி போட்ட மூதேவி தனியா என்னத்தத் திங்கிதோ, இதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாடி'ன்னு..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷனை இழந்தவளின் முகத்துக்கு நேரே மூதேவி என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. நான் விதவையான நாளிலிருந்து என் முன்னால் எல்லோரும் சொற்களைப் பொறுக்கித்தான் பேசுகிறார்கள். கெலிஓயாவில் ஒரு வீட்டில் மட்டும் எனக்காக எந்தச் சொல்லும் மாற்றப்படவில்லை.

சுகந்தியின் கையில் வந்த சாப்பாட்டுப் பெட்டிகளை நான் ஒரு சக ஆசிரியையின் மரியாதை என்றே நினைத்து, கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"எப்ப இருந்து அப்பிடிச் சொன்னவ?" என்று கேட்டேன்.

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து மிஸ்."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "வேற ஆரையும் அப்பிடிச் சொல்லுறவவோ?"

சுகந்தி யோசித்தாள். "இல்ல மிஸ். அது ஒங்க பேரு."

ஒருவரை அவர் இல்லாத இடத்தில் ஏசுவது பண்பல்ல. இதையும் எனக்கு மடத்தில்தான் சொல்லித்தந்தார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். கதிரையை விட்டு எழுந்து, முட்டி வலித்தாலும் பரவாயில்லை என்று, தரையில் டீச்சரின் காலடியில் போய் உட்கார்ந்தேன். மாணவிகள் விலகி இடம் கொடுத்தார்கள்.

ரெங்கநாயகி டீச்சரை அறிந்தவர்களே, அவர் உங்களுக்குத் தந்தவை எல்லாம் பலருக்குப் பொதுவாகத் தந்தவை. எனக்குத் தந்தது ஒருத்திக்கு மட்டும் தைத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். உங்களில் யாரும் அதை வேறு எவருக்கும் வழங்கிவிடக் கூடாது என்று மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.