மான் மிதித்த அப்பளம்

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் தேவன் அண்ணே அப்பளத்தை உள்ளங்கையால் அழுத்தி நொறுக்கினார். நான் சாப்பாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"அண்ணே, இன்னொரு தடவ உடைங்க."

"ஏன், உன் இலையில இல்லையா?"

"மெதுவா. மான் கால் வைக்கிற மாதிரி."

"சாப்பிட விடுமா!"

அவர் என் முதலாளி. எங்கள் ஸ்டுடியோ அந்தக் கடைக்கு இரண்டு மாடி மேலே. வேலைக்கு ஃபோலி என்று பெயர்: படத்தில் சரியாகப் பதிவாகாத சத்தங்களைத் திரையைப் பார்த்துக்கொண்டே கையாலும் காலாலும் உண்டாக்குவது. அந்த வாரம்தான் முதல் முறையாக ஒரு படத்தை முழுதாக என்னை நம்பிக் கொடுத்திருந்தார். கிள்ளான் ஊர் மெர்சி அக்கா இங்கிலாந்தில் படித்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க வயல்வெளிகளில் நின்று எடுத்த படம். உறைபனி பூத்த புல், நரி, மான். மைக்கில் காற்று அடித்து ஒரு சத்தமும் தேறவில்லை. சொதப்பினால் நான் பழையபடி கல்யாண வீடியோவுக்கு நாதஸ்வரம் ஒட்டப் போக வேண்டியதுதான்.

பூச்சி

நான் பார்த்த ஒரே பனி ஃப்ரீசருக்குள் இருப்பது. ஆனாலும் வேலை ஓடியது. உறைந்த குட்டையை மான் மிதிக்கும் இடத்துக்கு அப்பளம். பனியில் நரி நடக்க, காலுறைக்குள் சோளமாவைக் கட்டி அமுக்கினேன். கிரீச், கிரீச். இரண்டு நாளில் ஒரு காட்சி தவிர மீதியை முடித்து மெர்சி அக்காவைக் கூப்பிட்டேன்.

அப்பளம் உடைந்ததும், "ஐயோ, அதே சத்தம்லா!" என்றார். அப்புறம் நெற்றி சுருங்கியது. "பின்னாடி என்னா அது, கிரிக் கிரிக்குன்னு?"

"பூச்சிக்கா. காப்பார்ல மாமா வீட்டுப் பின்பக்கம் ரெக்கார்ட் பண்ணது."

"மைனஸ் நாலுல எந்தப் பூச்சிமா கத்தும்?"

"தவளையும் போட்டிருக்கா, நல்லா கேளுங்க" என்றார் தேவன் அண்ணே.

அக்கா சிரித்தார், ஆனால் விடவில்லை. "இது காப்பார்மா, இங்கிலாந்து இல்ல. நாளைக்குள்ள சரியா வரலன்னா அந்தக் காத்துச் சத்தத்தோடயே போட்டுக்கறேன்."

பூச்சி கத்தாத வெளியிடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அங்க நின்னப்ப உங்களுக்கு என்னக்கா கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேட்காது. என் ஜாக்கெட் கை உரசறது கேட்கும். என் மூச்சு. தூரத்துல காக்கா மாதிரி ஒண்ணு ஒரே ஒரு தடவ கத்தும். அவ்வளவுதான்."

ஏசி

மறுநாள் பூச்சி, தவளை எல்லாவற்றையும் அழித்தேன். ஆனால் வெறுமையாக விட்டால் ஸ்பீக்கர் கெட்டுப்போன மாதிரி இருந்தது. மோட்டார்சைக்கிள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைக்கின் முன் கையை உரசினேன். மூச்சு விட்டேன். மைக் ஏசி இரைச்சலையும் பிடிக்கும் என்பதால் அதை அணைத்தாயிற்று. ஜன்னலையும் மூடிவிட்டு, ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் பதிவு செய்தேன். வேர்வை மழைக்கோட்டுக்குள்ளேயே ஓடியது.

மெர்சி அக்கா வரும்போதுதான் முடித்திருந்தேன். உடனே போட்டுக் காட்டினேன். நரி நின்று திரும்பிப் பார்த்தது. ஜாக்கெட் உரசியது. ஒரு மூச்சு. தூரத்தில் ஒரு காக்கை. அக்கா இரண்டு கைகளையும் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அந்த ஏசிய கொஞ்சம் கொறைமா. வெறைக்குது."

தேவன் அண்ணேயின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"ஏசி ஓடலக்கா" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான்: சத்தம் சேர்ப்பதற்கு முன்னால், அங்கே நின்றவருக்கு என்ன கேட்டது என்று அவரிடமே கேளுங்கள்.

அக்காவின் படத்தில் நான் விட்டுவைத்த அந்த ஒரு காட்சி மட்டும் மிச்சம் இருக்கிறது. வெள்ளை ஆந்தை ஒன்று வயலுக்கு மேலே தாழப் பறக்கிறது. அது பறக்கும்போது சத்தமே வராதாம். கேரி தீவில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க அதே மாதிரி ஆந்தைகளுக்குக் கூட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தமின்மை எப்படி இருக்கும் என்று கேட்க, சனிக்கிழமை சாயங்காலம் மைக்கோடு போகிறேன். அங்கே பூச்சிகளை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.