அக்காவுக்காகச் சாப்பிட்ட மீன்

அக்காவும் நானும் அரியாலையில் ஒன்றாக வாழ்ந்தோம். இருவருக்குமே கல்யாணம் அமையவில்லை. ஆனால் கொழும்பில் நல்ல நாடகம் வந்தால் ரயிலேறிவிடுவோம். நாடகம் முடிந்ததும் கடலோர உணவகம் ஒன்றில் ஆசைப்பட்டதைச் சாப்பிடுவோம். எங்கள் ஆடம்பரம் அவ்வளவுதான்.

சென்ற வருடம் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கஞ்சித் தண்ணீர்கூட மெல்ல மெல்லத்தான் இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு நாடகம் வந்தது. நான் வேண்டாமென்றேன்.

"நாடகம் பாக்கிறதுக்குத் தொண்டை தேவையில்லையடி," என்றாள் அக்கா, கம்மிய குரலில்.

போனோம். சிரிப்புக் காட்சிகளில் சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு விடாப்பிடியாக உணவகத்துக்கும் கூட்டிப்போய், எனக்கு மட்டும் வெண்ணெயில் பொரித்த மீன் சொன்னாள்.

அவள் பார்த்திருக்க எனக்கு எப்படி இறங்கும்? "பெரிசா ருசியில்லை அக்கா," என்று தட்டைத் தள்ளினேன்.

"பொய் சொல்லாதை. வடிவாச் சாப்பிட்டு, எப்பிடியிருக்கெண்டு எனக்குச் சொல்லு."

ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சொன்னேன். வெண்ணெய் வாசம், மேலே பிழிந்திருந்த தேசிக்காயின் புளிப்பு, ஓரத்து மொறுமொறுப்பு. அக்கா கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். ஓரிடத்தில் எச்சில் விழுங்கினாள். வலியில் முகம் சுருங்கியது. நான் நிறுத்திவிட்டேன்.

"நிப்பாட்டாதை, சொல்லு," என்றாள்.

இரண்டு மாதத்தில் அக்கா போய்விட்டாள். நோயாளியின் முன்னால் நம் சந்தோஷத்தை ஒளிப்பதுதான் அன்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளோ அதில் பங்கு கேட்டாள். இப்போது எதையும் ஒளிக்காமல் சொல்லத் தெரியும் எனக்கு. கண்ணை மூடிக் கேட்பதற்குத்தான் ஆளில்லை.