இருபத்திரண்டு பேர் நக்கிய ஸ்பூன்

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை டபுள் என்றுதான் கூப்பிட்டார்கள். வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண் வைத்த பெயர் அது. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். அவள் எதைச் செய்தாலும் இரண்டு முறை செய்வாள். நாற்காலியை இரண்டு முறை துடைப்பாள். கையுறையை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டுவாள். குழாயை மூடிவிட்டு, மூடிய கை அழுக்காகிவிட்டதென்று மறுபடி திறப்பாள்.

அவள் பார்க்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பலருக்குச் சாப்பாடு இறங்காது. டாக்டர் பல்லைக் குடையும்போது எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வருஷக்கணக்காகத் தேய்க்காத பற்களிலிருந்து மஞ்சள் காரை பெயர்ந்து அவள் கண்ணாடியில் தெறிக்கும். சீழ் கட்டிய ஈறைக் கீறினால் கிளம்பும் நாற்றம் முகமூடிக்குள்ளும் புகுந்துவிடும். வரவேற்புப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். டபுள் அசையமாட்டாள். "வாய்னா அப்படித்தான் இருக்கும், இதுல என்ன?" என்பாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பை நினைத்தால் மட்டும் குமட்டிக்கொண்டு வரும். புருஷன் தோளில் கை வைத்தால் போதும், அந்த இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் அவளுக்கு அடுத்த வேலை ஓடாது.

யாரும் பிறக்கும்போதே இப்படிப் பிறப்பதில்லை. இதெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அருவருப்பு. எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதவே கை கூசுகிறது.

அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. வழிபாட்டுக் கூடத்தின் மாடி அறையில் வாரம் ஒருநாள் பெண்பிள்ளைகளுக்குத் தூய்மை வகுப்பு. நடத்தியவளை எல்லோரும் வகுப்பு அக்கா என்பார்கள். கசங்காத உடை, குழைவான பேச்சு, சிரிக்காதபோதும் சிரிப்பது போன்ற ஒரு முகம். ஒருநாள் அவள் ஒரு கிண்ணத்தில் தேனும் ஒரே ஒரு ஸ்பூனும் கொண்டுவந்தாள். முதல் வரிசைப் பெண் ஒரு வாய் நக்கிவிட்டுப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கெக்கேபிக்கே என்று சிரித்துக்கொண்டே ஆளாளுக்குத் தேனில் முக்கி நக்கினார்கள். ஸ்பூன் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்கு வந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்தது நம் டபுள். அவள் கைக்கு வருமுன் இருபத்திரண்டு பேர் நக்கியிருந்தார்கள்.

"ம், நீயும் நக்கு" என்றாள் வகுப்பு அக்கா.

அவளால் முடியவில்லை. வகுப்பு அக்கா அவள் தாடையைப் பிடித்து எல்லோர் பக்கமும் திருப்பினாள். "பாருங்க பிள்ளைங்களா, மூஞ்சி எப்படிப் போகுது பாருங்க! நாளைக்கு உங்களைக் கட்டிக்கப்போறவன் மூஞ்சியும் இப்படித்தான் போகும். ஒருத்தர் தொட்டாலும் எச்சில் எச்சில்தான். கழுவினா போகாது."

அதோடு விட்டாளா? இல்லை. "அப்பத்தான் மறக்காது" என்று சொல்லி அந்த ஸ்பூனை அவள் வாயில் வைத்து அழுத்தினாள். பிறகு எல்லோரிடமும் ஒரு அட்டையைக் கொடுத்து, கல்யாணம் வரை தூய்மையாக இருப்போம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

சீ! எச்சில் ஸ்பூனைச் சின்னப்பெண் வாயில் திணித்த கை சுத்தமாம், அந்தப் பெண்தான் அழுக்காம். இதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வீட்டில் சொன்னபோது, "நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்று அம்மா பாத்திரத்தைத் துலக்கப் போய்விட்டாள். டபுள் தன் பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு பேர் எச்சில் உள்ளே போய்விட்டது. கழுவினால் போகாது என்று வகுப்பு அக்காவே சொல்லிவிட்டாள். ஆக, ஒருவனும் தொடாமலே தான் கெட்டுப்போய்விட்டதாக முடிவு கட்டிக்கொண்டாள்.

கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷன். கல்யாணத்தன்று காலைவரை தொட்டால் பாவம் என்றிருந்தது சாயங்காலம் கடமையாகிவிட்டது. பத்து வருஷம் இறுக்கி மூடிய குழாயை ஒரே நாளில் திறந்து தண்ணீர் வரவில்லையே என்று கேட்டால் எப்படி? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள். ஒரு பெண் பிறந்தாள். அவன் பாவம், கோளாறு தன் கையில் ஒட்டிய கிரீஸில்தான் என்று நினைத்துக்கொண்டான். மூன்று விதமான சோப்பு வாங்கிவைத்துத் தன் கையையும் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டான். ஒரே வீட்டில் இரண்டு பேர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், ஒருவரை ஒருவர் ஏன் என்று கேட்காமல்.

விஷயம் ஆஸ்பத்திரியில்தான் உடைந்தது. வாய்க்குள் போய்வந்த கருவிகளையெல்லாம் உறையில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றுவார்கள். உறையில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தால் சுத்தம் என்று அர்த்தம். கோடு விழுந்த பிறகும் டபுள் இன்னொரு முறை ஓட்டுவாள். மற்ற கருவிகள் தாங்கும். ஆனால் டிரில்லுக்கு ஒவ்வொரு முறையும் எண்ணெய் விட வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் எண்ணெய் இல்லாமல் அதன் உருளைகள் இறுகிவிடும். மூன்றாவது டிரில்லும் நோயாளி வாயிலேயே மக்கர் பண்ணியபோது டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"கோடு வந்துடுச்சில்ல? அப்புறம் எதுக்கு மறுபடி போடறீங்க?"

"நான் தொட்டு எடுத்தேனே டாக்டர்."

"கையுறை போட்டுத்தானே தொட்டீங்க?"

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். டாக்டர் அவள் கையுறையைக் கழற்றச் சொன்னார். இரண்டு ஜோடியும் கழன்றதும் அவருக்கே முகம் மாறிவிட்டது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நீர் கசிந்து, சோப்பு தின்ற தோல் வெள்ளையாக உரிந்து தொங்கியது. "இந்தக் கையோட நோயாளி பக்கத்துல நிக்க முடியாதும்மா. சரிபண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். தோல் டாக்டர் களிம்பு கொடுத்துவிட்டு, "வியாதி தோல்ல இல்ல, கவுன்சிலரைப் பாருங்க" என்று சீட்டு எழுதினார்.

வீட்டில் வந்து கவுன்சிலரைப் பார்க்கப் போகிறேன் என்றாள். "எதுக்கு, நம்ம வார்டுல தெருவிளக்கு எரியலையா?" என்றான் புருஷன். பிறகு அவள் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

கவுன்சிலர் சளி பிடித்த மூக்கோடு உட்கார்ந்திருந்த ஒரு நடுவயதுப் பெண். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் மாதம் டபுள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் மாதம் ஸ்பூன் கதையைச் சொன்னாள், சொன்ன அன்று வீட்டுக்குப் போய்ப் பதினோரு முறை பல் தேய்த்தாள். மூன்றாம் மாதம் சண்டை. "நீங்களும் இன்னொரு வகுப்பு அக்காதான், அதைச் செய் இதைச் செய்னு" என்று கத்திவிட்டு இரண்டு வாரம் போகவில்லை. திரும்பி வந்தபோது கவுன்சிலர் ஒன்றும் நடக்காதது மாதிரி மூக்கைச் சிந்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க தினம் நோயாளி வாய்க்குள்ள விடறீங்களே ஒரு குட்டிக் கண்ணாடி, அது எத்தனை வாய் பார்த்திருக்கும்?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

"அது அழுக்கா?"

"சேச்சே, கோடு விழுந்துட்டா சுத்தம்." சொன்ன பிறகுதான் அது டபுளின் காதிலேயே விழுந்தது. பத்து வருஷமாகத் தன் கையாலேயே செய்துவருகிற காரியம். கழுவினால் போகும். இத்தனை வருஷம் கண்ணெதிரே போய்க்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு முதன்முதலாகத் தன் மேல் இல்லாமல் வகுப்பு அக்கா மேல் கோபம் வந்தது.

கவுன்சிலர் வீட்டுப்பாடம் கொடுத்தார். புருஷன் கையைத் தன் கை மேல் ஐந்து நிமிஷம் வைத்திருக்க வேண்டும், அதன் பிறகு அரைமணி நேரம் கழுவக்கூடாது. இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி சோபாவில் உட்கார்ந்தார்கள். நாலாவது நிமிஷம் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களக்கூட நான் இதவிடச் சீக்கிரம் வெளிய எடுத்துடுவேன்" என்றான் அவன். அவள் சிரித்துவிட்டாள். அவன் கை பட்டிருக்கும்போது அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கை ஆறி, மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய சமயம் பார்த்து நாத்தனார் வந்தாள். எங்கும் மூக்கை நுழைக்கிற நாத்தனார். "உன் பொண்ணு பேரைத் தூய்மை வகுப்புல கொடுத்துட்டேன். பன்னிரண்டு முடியுது, சும்மா விட்டுவைக்கலாமா?" என்றாள்.

அன்றைக்கே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியிருக்க வேண்டும். புருஷனின் அக்கா, மனசு புண்படும், அடுத்த வாரம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று டபுள் தள்ளிப்போட்டாள். பெண் ஒரு வகுப்புக்குப் போய்வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த புருஷன் வழக்கம்போல மகள் தலையைக் கலைக்கக் கை நீட்டினான். அவள் தலையைக் குனிந்து நழுவினாள். "என்னடி?" என்றான். "வகுப்புல சொன்னாங்க. அப்பாவா இருந்தாலும் இனிமே தள்ளித்தான் இருக்கணுமாம்" என்றாள் அவள், பாடம் ஒப்பிப்பது போல. அவன் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தக் குனிவு டபுளுக்குத் தெரியும். அவளுடையதேதான் அது. ஒரே ஒரு வகுப்பில் பிள்ளைக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவளே மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அதே மாடி அறை. வகுப்பு அக்காவுக்கு வயதாகியிருந்தது, அந்தச் சிரிப்பு முகத்துக்கு மட்டும் வயதாகவில்லை. முன்னால் இருபது சின்னப்பெண்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அடடே, நம்ம பழைய பிள்ளையாச்சே!"

"என் பொண்ணு பேரை அடிச்சிடுங்கக்கா."

"ஏம்மா?"

கவுன்சிலரோடு உட்கார்ந்து தயார் செய்த பேச்சு மொத்தமும் மறந்துவிட்டது. "அந்த ஸ்பூன் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

"எந்த ஸ்பூன்?"

வேஷம் இல்லை, நிஜமாகவே மறந்திருந்தாள். டபுளுக்கு அது வாந்தியைவிட மோசமாக இருந்தது. "எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம் ஆச்சு. புருஷன் தொட்டா எனக்குக் குமட்டும். கழுவிக் கழுவிக் கையில ரத்தம் வரும். அதுக்கு வைத்தியம் பார்த்துட்டிருக்கேன்."

வகுப்பு அக்கா முகம் மலர்ந்தது. "அப்போ பாரு, நம்ம பாடம் உன்னை எவ்வளவு பத்திரமா காப்பாத்தியிருக்கு! சந்தோஷப்படு."

"யாருகிட்டேயிருந்து காப்பாத்தினீங்க? என் புருஷன்கிட்டேயிருந்தா?"

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். டபுள் மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

மகளுக்கு மானம் போய்விட்டது. தோழிகள் முன்னால் அம்மா இப்படியெல்லாம் பேசலாமா? பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள், கூப்பிட்டும் திரும்பவில்லை. மருந்துக்கடை, சைக்கிள் கடை எல்லாம் தாண்டித் தெரு திரும்பும் இடத்தில்தான் நடை தளர்ந்தது. அம்மா பக்கத்தில் வரும்வரை நின்றாள்.

"உனக்கு அப்பாவைப் பிடிக்காதாம்மா?"

"பிடிக்கும்டி. ரொம்பப் பிடிக்கும். அது எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

மகள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

"அது அப்பாவுக்குத் தெரியுமா?"

டபுள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். இந்தப் பதினாலு வருஷத்தில் அவனிடம் அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.