ரெண்டு பவுண்டுக்காரர்

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளிஃபர்ட் என்ட்விசில் சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறந்துவைப்பார். வெளியே பனி கொட்டினாலும் திறப்பார். கால்பந்து மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். கோல் விழுந்தால் முதலில் கூட்டத்தின் இரைச்சல் வரும். பிறகு கணினித் திரையில் பந்தய விலைகள் உறையும். உள்ளூர் வானொலிக்காரர் கடைசியாக அலறுவார். முந்திக் கேட்பதால் லாபம் ஒன்றுமில்லை. ஆட்டம் நடக்கையில் இணையப் பந்தயச் சந்தையில் எதை அழுத்தினாலும் சில விநாடி காக்கவைத்துத்தான் ஏற்பார்கள். "இருந்தாலும் மத்தவனுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறதுல ஒரு இது இருக்குப்பா" என்பார்.

அவர் வாங்கி விற்பது ஆட்டத்தின் முடிவெண்ணை. பெரும்பாலும் ஒன்று–ஒன்று, அணிக்கு ஒரு கோல். இரண்டு பவுண்டு போடுவார். ஆட்டம் அப்படியே முடிந்தால் ஏழு மடங்கு. ஆனால் முடியும்வரை இருக்கமாட்டார். பாதி ஆட்டத்துக்கு மேல் கோல் கணக்கு அந்த எண்ணில் வந்து நின்றதும், அதை வேறு யாருக்காவது விற்றுவிட்டு விலகிவிடுவார். அப்புறம் எப்படி முடிந்தாலும் மூன்றோ நான்கோ பவுண்டு கையில். "பேராசைக்காரன்தான் கடைசி விசில் வரைக்கும் உக்காருவான். நான் பஸ்ஸு நிக்கிறதுக்குள்ள இறங்கிடுற ஆளு."

கம்பளக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் வண்டி ஓட்டியவர். முழங்கால் இரண்டும் போய், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் பக்கத்து வீடு, ஒரே சுவர்; இருபத்திரண்டு வருடப் பழக்கம். தேநீரை ஆடை படியும்வரை மறந்துவிட்டு, பிறகு அந்த ஆடையோடு குடிப்பார். மதுக்கடையில் நுழைந்தால் யாராவது ஆரம்பிப்பார்கள்: "வாய்யா கணக்கப்பிள்ளை, அந்த ரெண்டு பவுண்டுக்கு இன்னும் உசிரு இருக்கா?" அவர் காதில் வாங்கமாட்டார். கைபேசியில் எங்கோ போலந்தில் ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

மனைவி நோரீனை அவர் முதலில் பார்த்ததே மைதானத்துக் கூட்டத்தில்தான். முப்பத்தெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில், வருடம் முழுக்க எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்துச் சீசன் டிக்கெட். பத்தாயிரம் பேர் கூடும் இடத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை என்று நான்கு வருடத்துக்கு முன்பு அவர் நின்றுகொண்டார். அவள் மட்டும் போகிறாள். ஒருமுறை வேலிக்கு மேலாக என்னிடம் சொன்னாள்: "குடிச்சு அழிச்சிருந்தா ஊரே எனக்காகப் பரிதாபப்படும். ரெண்டு பவுண்டுக்கு யாரு பரிதாபப்படுவா, சொல்லு."

போன மே மாதம் சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் எங்கள் அணி பிழைக்கும். மற்ற எதுவானாலும் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். துளையிடும் கருவியைக் கேட்கப் போன நான் அவர் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுபதாவது நிமிடத்தில் ஒன்று–ஒன்று. அவர் வாங்கி வைத்திருந்ததும் அதுதான்.

"வித்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"வேணாம். இன்னிக்கு உக்காரப் போறேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவனுங்களால முடியாது. சின்ன வயசுலேருந்து பாக்குறேன். என்னை விட யாருக்குத் தெரியும்?"

எண்பது. எண்பத்தைந்து. மைதானம் பாட ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக வரிவரியாகக் கேட்டது. கிளிஃபர்டின் உதடுகளும் அசைந்தன. பாட்டோடு சேர்கிறார் என்று நினைத்தேன். குனிந்து கேட்டபோது, "போடாதே, போடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காயத்துக்காகக் கூட்டிய நேரத்தில், மூன்றாவது நிமிடம், இரைச்சல் வந்தது. மேசை மேலிருந்த கரண்டி அதிர்ந்தது. திரை உறைந்தது. வானொலிக்காரர் எங்கள் அணியின் கோலை அழுதுகொண்டே அலறினார்.

"நாசமாப் போறவனுங்க" என்றார் கிளிஃபர்ட், மெதுவாக.

நோரீன் வந்தபோது குரலே இல்லை. கழுத்துத் துண்டு நனைந்திருந்தது. முன்பின் தெரியாத நாலு பேர் தன்னைத் தூக்கினார்கள் என்றாள், காற்றாகச் சொன்னாள். கணவனைக் கட்டிக்கொள்ள வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கோல் விழுந்தப்போ இந்த மனுசன் என்ன சொன்னாரு?"

"குதிச்சாருங்க" என்றேன்.

"அந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

"கையில இருந்ததை விட்டுட்டேன், நோரீன். எழுபதாவது நிமிசமே வித்திருக்கணும்" என்றார் கிளிஃபர்ட்.

அவள் தலையை ஆட்டினாள், விலாசம் கேட்டவருக்கு வழி தெரியாது என்று ஆட்டுவதைப்போல. கோட்டுப் பையிலிருந்து மடித்த விண்ணப்பத் தாள்கள் இரண்டை எடுத்து ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். "அடுத்த வருசச் சீசன் டிக்கெட்டுக்கு. என் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்காம். சும்மா வாங்கியாந்தேன்." மற்றவர்களோடு கொண்டாட அவள் கிளம்பிப் போனாள், கதவைச் சாத்தவில்லை.

கிளிஃபர்ட் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தாளை முழுக்கப் படித்தார். பேனாவை எடுத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் நிரப்பினார். கணினி மெல்ல ஒலித்தது: ஆறரை மணி ஆட்டத்துக்கு ஆட்டக்காரர் பட்டியல் வந்துவிட்டது. அவர் தாளைப் புரட்டி, வெற்றுப் பக்கத்தில் எழுதினார்: ஒன்று–ஒன்று, ஆறே முக்கால் மடங்கு.