ஒன்பதாவதாக மாட்டிய திரை

மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாத உச்சி வெயிலில், சேந்தமங்கலம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நடந்தது இது. அங்கே எட்டு செட்டுகளின், அதாவது கோழிக் கொட்டகைகளின், ஃபேன்களையும் ஒரே கன்ட்ரோலரில் கேபிள் போட்டு இணைத்துக் கொடுத்தவன் நான். அந்தக் கன்ட்ரோலர் ஒரே நேரத்தில் எட்டுக் கருவிகளோடுதான் பேசும். செட்டுக்கு ஒன்று, மொத்தம் எட்டு. ஓர் இடம்கூட வீணாகாமல் திட்டம் போட்டேனாம், எனக்கு நானே சபாஷ் வேறு!

அன்று பண்ணையை ஒட்டியிருந்த முதலாளி வீட்டுக்குச் சம்பந்தி வந்திருந்தார். அவர் சோபாவில் உட்கார்ந்தபடியே பண்ணையைப் பார்க்கக் கூடத்தில் ஒரு திரை வேண்டுமாம். "ஒண்ணே ஒண்ணு சேர்த்தா என்னங்க ஆயிரப் போவுது?" என்றார் முதலாளி. திரையும் ஒரு கருவிதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முடியாது என்று சொன்னால் என் மேதாவித்தனம் என்ன ஆவது? மாட்டிவிட்டு, கன்ட்ரோலரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. சம்பந்தி கைதட்டினார். நான் கேசரியில் கை வைத்தேன்.

பண்ணையை மேற்பார்வை பார்க்கும் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏனுங்க, அஞ்சாவது செட்டுல ஃபேன் நின்னு போச்சுங்க! கோழியெல்லாம் வாயெத் தொறந்துட்டு நிக்குதுங்க!"

நாலு பக்கமும் அடைத்த செட். காற்று நின்றால் கோழி அரை மணி நேரம் தாங்காது. கையால் போடும் சுவிட்ச் இருந்தால் போட்டிருக்கலாம். அதைப் பழைய சாமான் என்று கழற்றி எறிந்த புண்ணியவானும் நான்தான்.

"எலி கேபிளெக் கடிச்சிருக்கும். நீங்க கண்ணெ எங்கெ வெச்சிருந்தீங்க?" என்று அந்த அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். கன்ட்ரோலரை அணைத்துப் போட்டேன். ஐந்தாவது செட் ஓடியது, இரண்டாவது நின்றது. மறுபடி அணைத்துப் போட்டால் ஏழாவது நின்றது. முந்திக்கொண்ட எட்டை வைத்துக்கொண்டு, பிந்திய ஒன்றை அது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நானே போட்ட கணக்கு பயத்தில் எனக்கே மறந்துபோய், தொந்தி குலுங்க, ஒற்றைச் செருப்போடு செட் செட்டாக ஓடினேன்.

"நீங்க ஓடறதெப் பாத்தா கோழியே தேவலாமுங்க," என்றார் அந்த அம்மா. "ஒண்ணு ஓடுனா ஒண்ணு நிக்குது. காத்தால இருந்து புதுசா என்னத்தெ மாட்டுனீங்க, அதெச் சொல்லுங்க மொதல்ல!"

அப்போதுதான் உறைத்தது. கூடத்துக்கு ஓடி, சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையின் கேபிளைப் பிடுங்கி எறிந்தேன். எட்டு செட்டும் ஓடின.

அதற்குள் நாற்பது கோழிகள் போய்விட்டன. அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து அவர்மேல் பாய்ந்தார். "நீ பாத்துக்கிட்ட லட்சணமா இது? நாளையிலிருந்து வர வேண்டாம், போ!" அந்த அம்மா சாக்கைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கேபிளைச் சுருட்டுவதில் ரொம்பவும் மும்முரமாக இருந்தேன். முழுதும் சுருட்டி முடித்த பிறகுதான், "தப்பு என்னோடதுங்க, அவங்க மேல ஒண்ணுமில்லீங்க," என்று வாய் திறந்தேன். முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்த அம்மாவின் வேலை தப்பியது.

இப்போதெல்லாம் எங்கே வேலை எடுத்தாலும் இரண்டு மூன்று இடங்களைக் காலியாக விட்டுத்தான் திட்டம் போடுகிறேன். ஆனாலும், என் தப்புக்கு இன்னொருவர் திட்டு வாங்கியபோது கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.