உப்பு போட்ட பெட்டி

எனக்கு மீன் வாசத்தில் வெட்கம் கிடையாது. கடலோரத் திரேஸ்புரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படி இருக்கும்? ஆனால் என் மடியில் இருக்கும் பெட்டியைப் பார்த்து யாராவது முகத்தைச் சுளித்தால் சுருக்கென்று கோபம் வந்துவிடும். கண் வங்கியில் வேலை பார்க்கிறேன். இறந்தவர் வீட்டுக்குப் போய்க் கருவிழியை எடுத்து, கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. இந்த ஊரில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி என்றால் எல்லோருக்கும் அது மீன்தான்.

அன்று காலை நான் போன வீடு, நான் வளர்ந்த தெருவுக்கு அடுத்த தெரு. இறந்தவர் மீனை ஏலம் எடுத்துக் கேரளாவுக்கு லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தவர். எங்களுக்குப் போன் செய்தது அவர் மனைவி. அந்த அம்மாவின் கொழுந்தன்மார் இரண்டு பேர் என்னை வாசலிலேயே மறித்தார்கள். கண் இல்லாமல் அண்ணன் மோட்சத்துக்கு எப்படிப் போவார் என்று கேட்டார்கள்.

"ரெண்டு கண்ணும் நல்லா இருக்கும்போதே பாதி நாளு வீட்டுக்கு வழி தெரியாமத்தான் வந்தாரு," என்றார் அந்த அம்மா. "மோட்சத்துக்கு மாதா கூட்டிட்டுப் போவா. ஏளா, நீ உள்ள வா."

உள்ளே போனதும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். காற்று பட்டால் கண் காய்ந்துவிடும். புழுக்கத்தில் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். நாங்கள் கண்ணைத் தோண்டி எடுப்பதில்லை. மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் மெல்லிய படலத்தை மட்டும்தான் எடுக்கிறோம். முடித்து இமைகளை மூடியபோது அவர் முன்பு போலவே தூங்குகிறவராகத்தான் இருந்தார். கொழுந்தன்மார் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

இரண்டு கருவிழிகளையும் தனித்தனிக் குப்பியில், இளஞ்சிவப்புத் திரவத்தில் போட்டு, குப்பிகளைச் சின்ன டப்பாவில் நிறுத்தி, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தேன். சுற்றிலும் குளிர்ப் பைகள். அவற்றை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைக்கக் கூடாது. வெளியே கிடந்து நன்றாக வியர்த்த பிறகுதான் வைக்க வேண்டும். உள்ளே இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. சூடு கெடுக்கும்; உறைந்தால் அதைவிட மோசம். கருவிழியின் உள்பக்கத்தில் உயிருள்ள செல்கள் ஒரே ஒரு வரிசைதான். அவை செத்தால் திரும்ப முளைக்காது.

மூடியைப் போட்டு, அந்த வீட்டு மகனிடம் டேப் ஒட்டச் சொல்லிவிட்டு, அவன் அம்மாவிடம் கையெழுத்து வாங்கப் போனேன். டேப்பை நானே ஒட்டியிருக்க வேண்டும். அதுதான் விதி. ஆயிரக்கணக்கில் மீன் பெட்டிக்கு டேப் ஒட்டிய கை, என்னைவிட நன்றாகவே ஒட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வண்டி கோவில்பட்டிக்குப் போயிருந்ததால் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஆஸ்பத்திரியில் உப்பளத்து அம்மா ஒருவர் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்தார். ஒரு கண் சிறு வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணின் கருவிழி வீங்கி வெளுத்துப் போயிருந்தது. ஏற்கெனவே மூன்று முறை வரச்சொல்லி, வந்த கருவிழி சரியில்லை என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பியிருந்தோம். "இனிக் கூப்பிட்டா வர மாட்டேன். இருட்டே எனக்குப் பழகிரும்," என்று போன தடவை சொல்லியிருந்தார்.

வாகைக்குளம் தாண்டியதும் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி நடத்துநர் காலில் விழுந்தது.

"ஏம்மா, மீன் பெட்டிய ஏத்தக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லுதது? அடுத்த ஸ்டாப்ல எறங்கு."

குளிர்ப் பை சொட்டாது. மூடியின் மேலிருந்த வெப்பமானியைப் பார்த்தேன். ஒன்றரை டிகிரி. பார்க்கும்போதே இன்னும் இறங்கியது. டேப்பைக் கிழித்தேன். குளிர்ப் பைகளைக் காணோம். டப்பாவைச் சுற்றி நொறுக்கிய ஐஸ், அதன் மேல் கைநிறையக் கல்லுப்பு. வியர்த்த பைகளைப் பார்த்து, குளிர்ச்சி செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறான் பாவி. கேரளா லாரிக்கு எப்படியோ, அப்பா கண்ணுக்கும் அப்படியே. உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் குளிரும், மீன் விறைத்துப் போகும். எனக்குத் தெரியாததா?

டப்பாவைப் பிடுங்கி என் பருத்தித் துப்பட்டாவில் சுற்றினேன். ஐஸை ஜன்னல் வழியாகக் கொட்டினேன்.

"ஏம்மா, கிறுக்கா பிடிச்சிருக்கு? எறங்கு மொதல்ல."

சிறு வயதில் என் அம்மாவை இதே வழியில் மீன் கூடையோடு இறக்கிவிட்டிருக்கிறார்கள். அம்மா பேசாமல் இறங்கினாள். நான் இறங்குவதாக இல்லை.

"எறங்க மாட்டேன் அண்ணாச்சி. இது செத்துப்போன மனுசன் கண்ணு. திருநவேலில ஒரு அம்மா இதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. வல்லநாட்டுல கடை முன்னால பஸ்ஸ நிறுத்துங்க. நான் திரும்பி வாரது வரைக்கும் விசில் ஊதக் கூடாது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நடத்துநர் வல்லநாட்டில் விசில் ஊதி நிறுத்தினார். கடை ஃப்ரிட்ஜில் இருந்த பால் பாக்கெட்டுகளை எல்லாம் வாங்கிப் பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் டப்பாவை வைத்தேன். முறப்பநாட்டில் நாலு டிகிரி. கடைசிவரை நாலுதான்.

கூட வேலை பார்ப்பவளிடம் போனில் சொன்னேன். "இப்ப நாலுதானே காட்டுது? உப்பு கதைய ஃபாரத்துல எழுதித் தொலைச்சுராத, வேலை போயிரும்," என்றாள்.

"அந்தக் கண்ணால பாக்கப்போறது நீயில்ல," என்று சொல்லிப் போனை வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனதும் உப்பு, ஐஸ், எத்தனை டிகிரிக்கு இறங்கியது, பெட்டியை யார் கையில் கொடுத்தேன், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மைக்ராஸ்கோப் முன் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஐஸை ஒட்டி நின்ற குப்பியில் செல்கள் செத்திருந்தன. மற்றது பிழைத்திருந்தது. அன்று மதியமே அதை உப்பளத்து அம்மாவுக்கு வைத்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு அந்த அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ இம்புட்டுக் கருப்பா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்த வாரமே திரேஸ்புரம் போனேன். மகன்தான் கதவைத் திறந்தான். "அக்கா, நான் போட்ட ஐஸ் திருநவேலி வரைக்கும் காணுச்சா?" என்று ஆசையாகக் கேட்டான். பூசி மெழுக எனக்குத் தெரியாது.

"ஒரு கண்ணு சேந்துருச்சு தம்பி. இன்னொண்ணு உப்புல போச்சு. பெட்டிய ஒங்க கையில குடுத்தது என் தப்பு."

அவன் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து அவன் அம்மா வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ஒண்ணு பாக்குதுல்லா?"

"பாக்குது அம்மா. நான் கருப்புன்னு சொல்லுது."

"அப்ப வா," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். "கொழுந்தன் வீட்டு வாசல்ல வந்து அத அப்படியே சத்தமா சொல்லு."