சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

போன ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். மருமகள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மாமா, ஒரு பாத்திரம் காலியா இருக்கு. நீங்க எடுத்துக்கறீங்களா?"

குழம்புப் பாத்திரமா, சோற்றுப் பாத்திரமா? கல்யாணமாகி நாலு மாதம். அதற்குள் மாமனாரைப் பாத்திரம் தேய்க்கச் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டாளா? சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா? எனக்கு எப்போதும் இரண்டாவதுதான் முதலில் வரும்.

விஷயம் வேறு. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் அவள். ஞாயிறுதோறும் கல்லூரித் தோழிகளோடு லேப்டாப்பில் ஒரு கற்பனை விளையாட்டு. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேச வேண்டும். சிக்கல் வந்தால் பகடை உருட்டித் தீர்ப்பு. இப்போது எல்லாரும் பூமிக்கு அடியில் ஓடும் ஒரு கப்பலில் இருக்கிறார்களாம். அதை ஓட்டுகிற பைலட்டாக இருந்த தோழி, புது வேலை கிடைத்து விலகிவிட்டாள்.

"இன்னிக்கு எப்படியாவது மேல வந்து, இதோட முடிச்சுக்கலாம்னு சொல்றாங்க மாமா."

குரல் இறங்கியிருந்தது. இந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரிப்பது ஞாயிறு மத்தியானம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் எங்களிடம் மரியாதையான புன்னகை. அந்தச் சிரிப்பும் நின்றுபோனால்...?

சரி என்றேன். முதலில் பைலட்டின் பின்னணியை எழுதித் தர வேண்டுமாம். பெயர், ஊர், பழக்கம், பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கேள்வித்தாள் என்றால் இன்றும் வியர்க்கும். ஆனால் கடைசிக் கேள்வி எனக்கென்றே கேட்டது!

எழுதியதை வாசித்தேன். "பெயர் செங்கோடன். ஊர் திருச்செங்கோடு. போர்வெல் ரிக் ஓட்டியவன், பூமிக்குள் இறங்குவது புதிதல்ல. டீசலை இரண்டு தடவை பார்ப்பான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டி எடுக்க மாட்டான்."

கதை சொல்லும் பெண் குறுக்கிட்டாள். "அங்கிள், இதுக்கு வீலே கிடையாது."

"அப்ப எலுமிச்சம்பழத்தை எங்கதானுங்க வெக்கிறது?"

லேப்டாப்புக்குள் ஒரே சிரிப்பு.

"சரி, அவருக்கு என்ன பயம் அங்கிள்?"

"ஏத்திட்டுப் போன ஆளுங்களை மறுபடி ஊடு கொண்டாந்து சேர்க்கோணுமே... அந்தப் பயந்தானுங்க."

ஆட்டம் தொடங்கியது. மருமகள்தான் கப்பலின் வைத்தியச்சி. மூலிகை பறிக்க ஒரு குகையில் இறங்கிப் போகிறாள். குகைக் கூரை சரியத் தொடங்குகிறது.

"அங்கிள், எடுங்க," என்றாள் ஒரு தோழி. "இப்பக் கிளம்புனா மேல போயிடலாம். கேம் முடிஞ்சுது, நாம ஜெயிச்சாச்சு."

"ஆள் ஏறலைங்களே."

"கதைதானே அங்கிள். அவ போனாப் போறா."

"கதையா இருந்தா என்னங்க? கூட்டியாந்த புள்ளைய உட்டுப்போட்டு வாரதா?"

மருமகள் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, எனக்காகப் பார்க்காதீங்க. நீங்க எடுங்க."

"நீ சும்மா ஏறு சாமி."

ஏறினாள். இனிக் கிளம்ப முடிகிறதா என்று பகடை சொல்ல வேண்டும். திரையில் பகடைப் பட்டனை அழுத்தினேன். விழுந்தது ஒன்று. இருப்பதிலேயே சின்ன எண்.

கப்பலின் மேல் மண் மூடியது.

ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேனா?

"எல்லாரும் உயிரோட உள்ள மாட்டிக்கிட்டீங்க," என்றாள் கதை சொல்லும் பெண். "வெளிய வர வழி தேடணும். இன்னிக்கு முடியாது. அடுத்த ஞாயிறும் எல்லாரும் வந்துதான் ஆகணும்."

மருமகள் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அப்படி என்ன பண்ணிப்போட்டீங்க?"

"வண்டிய மண்ணுக்குள்ள சொருகிட்டேன்."

'கவலைப்படாதே' என்று எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. தைரியசாலி ஒருவன் ஓட்டியிருந்தால்? ஆட்டம் அன்றோடு முடிந்திருக்கும்!

ஆனாலும் ஒன்று உறுத்தியது. ஒரு வாரம் மண்ணுக்குள்... உள்ளே காற்று போதுமா? யாரிடம் கேட்பது? கேட்டால் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

திங்கள் காலை மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போகும்போது சொன்னாள்.

"மாமா, காத்து போதுமாம். நேத்தே கேட்டுட்டேன்."